குருவி இறங்காத நிலம்

ஆமத்தூர்ப் பக்கமிருந்து கிளம்பிய குருவிக் கூட்டம் ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். பகல் பதினொரு மணி வெயில். விஸ்வநத்தத்தைத் தாண்டி, ஒரு பட்டாசு கம்பெனிக்கு எதிரே, சுற்றுச்சுவர் வைத்த மூன்று ஏக்கர் நிலத்தின் நடுவில் நானும் பேச்சியம்மாளும் நின்றுகொண்டிருந்தோம்.

எங்களைச் சுற்றி நாற்பது வகைத் தினை. எல்லாம் பால் பிடித்து நின்ற நேரம். ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் வரும். குருவிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

நான் கையைத் தட்டி விரட்டத் தயாராக நின்றேன். கூட்டம் சுவர் வரைக்கும் வந்தது. அங்கே இரண்டாகப் பிரிந்தது. பாதி வடக்கே, பாதி தெற்கே. சுவரை ஒட்டியே சுற்றிக்கொண்டு போய், நிலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்து பறந்து போய்விட்டது. ஒரு குருவிகூட எங்கள் தலைக்கு மேலே வரவில்லை.

"பாத்தீகளா மேடம்?" பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வேற எங்கயும் இறங்கும். இங்கன மட்டும் இறங்காது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்று இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான், குளிரக் குளிரச் சந்தோஷப்பட்டேன்.

பட்டாசு ஊரில் தினை

இந்தத் தொடரைப் படித்துவரும் சாத்தூர் வாசகி ஒருவர், "பயிர் ஆராய்ச்சி என்கிறீர்கள், சிவகாசியைச் சுற்றியே எழுதுகிறீர்கள், அங்கே என்ன விளையும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் வீட்டிலேயே அதைப் பல வருடம் கேட்டார்கள்.

அப்பா சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்தார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுகிற லேபிள். பெண் படித்து பாங்க் வேலைக்குப் போவாள் என்று நினைத்திருந்தார். நான் விவசாயம் படித்து, சிறுதானிய விதைகளைச் சேகரிக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்தேன். "நெல்லாவது படிச்சிருக்கலாம், தினையப் போயி படிச்சிருக்காளே" என்று அவர் பிரஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வேலை சொல்வதற்கு எளிது. மலை ஊர்களில் மண் ஒரு சாண்கூட இருக்காது. சரிவில் மழை நிற்காது, வந்தால் மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். அங்கே காலங்காலமாக ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வொரு வகையைப் போட்டு வருகிறார்கள். அவற்றையெல்லாம் வாங்கி வந்து, பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, எது எதைத் தாங்குகிறது என்று அளந்து பார்ப்போம். முளைப்பு, பூக்கும் நாள், உயரம், காற்றில் சாய்கிறதா, பூச்சி, பறவைச் சேதம், மகசூல். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம்.

அந்த நாற்பதில் ஆறு வகை செல்லியிடமிருந்து வந்தவை. செல்லிக்கு என் வயதுதான். மேற்கு மலையில், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் அவள் ஊர். பதினெட்டு வீடு. ஊர்ப் பெண்களின் குழுவுக்கு அவள்தான் தலைவி, விதையெல்லாம் அவள் பொறுப்பு.

"மழ முன்ன மாதிரி இல்லக்கா. பிந்தி வருது, வந்தா நிக்க மாட்டேங்குது" என்றாள் முதல் முறை பார்த்தபோது. "இருக்கறதுலயே எது நிக்கும்னு நீங்க பாத்துச் சொன்னா, ஊரே சேந்து அதப் போட்டுருவோம்."

ஊரே சேர்ந்து என்று அவள் சொன்னதன் கனம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தச் சரிவுதான் பதினெட்டு வீட்டுக்கும் வருடச் சோறு. மழைக்காலத்தில் ரேஷன் அரிசியை அங்கே ஏற்றிக்கொண்டு போக யாரும் வர மாட்டார்கள். நான் தப்பாகச் சொன்னால் அவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அவள் கொடுத்த ஆறில் ஒன்றின் பெயர் கரடித் தினை. கதிர் முழுக்க விறைத்த முள்முடி. கரடியின் முதுகைத் தடவினால் எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது, ஆனால் பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கும்.

"இத ஏன் போடுறீங்க?" என்று எங்கள் படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"எப்பவும் போடுறதுதான்" என்றாள்.

அதையே எழுதிக்கொண்டேன்.

அண்ணாச்சி கொடுத்த இடம்

முந்தைய வருடம் இதே சோதனையை ஆமத்தூரில் ஒரு விவசாயச் சம்சாரியின் கரிசல் நிலத்தில் செய்திருந்தோம். பால் பிடித்த வாரத்தில் குருவி இறங்கியது. நாலே நாளில் எல்லாம் முடிந்தது. ஆள் போட்டு விரட்டினோம், பழைய கேசட் நாடாவைக் கட்டிவிட்டோம், வலை போட்டோம். வலைக்குள்ளேயும் குருவி இருந்தது. ஒரு வருட வேலை உமியாகிப் போக, அலுவலகத்தில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று வந்த கோபம் கேள்வி கேட்டவர்கள் மேல் போகாமல் குருவி மேல் போனது.

அந்தக் கோபத்தோடுதான் தனபால் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். பட்டாசு கம்பெனி நடத்துகிறவர். அப்பாவிடம் லேபிள் ஆர்டர் கொடுத்துப் பழகியவர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது ஒரு நிலம் வேணும் அண்ணாச்சி. குருவித் தொல்லை இல்லாத இடமா."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இருக்கும்மா" என்றார். "நம்ம பழைய டெஸ்ட் கிரவுண்டு இருக்கு. அங்கன குருவி வராது."

தயாராகிற ஒவ்வொரு லாட் பட்டாசிலும் நாலைந்தை எடுத்து வெடித்துப் பார்க்கிற இடம் அது. அவருடைய அப்பா காலத்திலிருந்து தினமும் அங்கே வெடித்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்குள் ஒரு ஊசி வெடிகூட வெடிக்கவில்லை.

"மூணு வருசமாச்சா? அப்ப இப்ப குருவி வருமே?" என்றேன்.

"வரலையேம்மா" என்றார் அண்ணாச்சி. பிறகு காபி வந்துவிட்டது, பேச்சு மாறியது.

போய்ப் பார்த்தேன். கல்லும் சரளுமாக, மேலாக ஒரு சாண் மண். மலைச் சரிவின் மண்ணைப் போலவே இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எழுதியும்விட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர், "மலைக்கும் சிவகாசிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார். முதல் வருடம் இங்கே, இரண்டாம் வருடம் மலையிலேயே ஒரு சின்னப் பாத்தி, அதற்குப் பிறகுதான் விதையைக் கொடுப்போம் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

இரும்பு கூடாது

கம்பெனி போர்மேன் வாசலிலேயே நிறுத்திச் சட்டம் சொன்னார். செல்போன் கூடாது. ஆணி வைத்த செருப்பு கூடாது. இரும்பு எதுவும் உள்ளே வரக் கூடாது.

"இது கம்பெனி இல்லையே, வெறும் நிலம்தானே?"

"வெறும் நெலமா?" குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளங்கையைச் சாய்த்தால் வெள்ளியாக மின்னியது. "இதுல எம்புட்டு மருந்து வெடிக்காமக் கெடக்குன்னு யாருக்குத் தெரியும் மேடம்? மம்பட்டி ஒரு கல்லுல பட்டுப் பொறி கெளம்புனா நீங்களா நானா பதில் சொல்றது?"

உழவுக்கு மட்டும் ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தது. மழை பெய்து மண் ஊறிய மறுநாள் டிராக்டர் வந்தது. அதன் பின்னாலேயே போர்மேனும் நாலு ஆட்களும் வாளியில் தண்ணீரோடு நடந்தார்கள். உழவு என்பதே தெரியாத ஒருவர் பார்த்தால் ஏதோ சவ ஊர்வலம் என்றுதான் நினைத்திருப்பார்.

மண்ணைப் புரட்டப் புரட்டக் காகிதமாக வந்தது. சுருண்ட குழாய்கள், கருகிய அட்டைகள், பாதி எரிந்த லேபிள்கள். ஒரு லேபிளில் மயிலின் கழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நீலத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அப்பாவின் பிரஸ்ஸில் அதற்காக மூன்று முறை மை கலப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மண்ணிலேயே போட்டுவிட்டேன்.

தினை முளைத்தது. நன்றாகவே முளைத்தது. ஆனால் மழை தெறித்த மறுநாள் இலைகளின் அடிப்புறமெல்லாம் வெள்ளித்தூள் ஒட்டியிருக்கும். வெயில் ஏறும்போது மூன்று ஏக்கரும் சேர்ந்து மினுங்கும். பார்க்க அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சத்தம் எங்கே போகும்?

பேச்சியம்மாள் அந்தக் கம்பெனியில் திரி வேலை பார்க்கிறவள். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்ததும் என்னோடு வயல் வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி. நான் ஒரு முறை சொன்னால் எந்த வரிசையில் எந்த வகை என்று மனப்பாடமாக வைத்துக்கொள்வாள். ஆனால் சுவருக்குள் வந்துவிட்டால் கிசுகிசுவென்றுதான் பேசுவாள்.

கம்பெனி அடைத்த அந்த மாதம் சுற்றுவட்டாரம் முழுக்கச் சத்தமில்லை. லோடு லாரிகள் இல்லை. எங்கேயும் வெடி இல்லை. இனி குருவி வந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். தினமும் வாசலில் இறங்கியதும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பேன். வெளியே மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கம் பார்க்காது.

சும்மா இருக்காமல் ஒரு தட்டில் நொய்யரிசியைப் போட்டு நிலத்தின் நடுவில் வைத்தேன். மூன்று நாள் அப்படியே இருந்தது. அணில்கூட வரவில்லை. நாலாம் நாள் எறும்பு வந்து இழுத்துக்கொண்டு போனது. எறும்புக்கு மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மருந்து வாடை என்றார் போர்மேன். பழக்கதோஷம் என்றார் அண்ணாச்சி. குருவியின் ஆயுள் எத்தனை வருடம், மூன்று வருடத்துக்கு முன்னால் வெடித்ததை இன்று பிறந்த குஞ்சு எப்படி அறியும் என்று நான் கேட்டதும் மறுபடியும் காபி சொன்னார்.

பேச்சியம்மாளிடம் ஒருநாள் கேட்டேன். களையைப் பிடுங்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"சத்தம் போறதில்ல மேடம். இங்கனதான் கெடக்கு. நமக்குத்தான் கேக்காது."

"அப்ப குருவிக்குக் கேக்குதா?"

"அதான் சுத்திப் போகுதுல்ல?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கு மறுவாரம் என்று நினைவு. பேச்சியம்மாள் டீ வாங்கப் போயிருந்தாள். நடுப்பகல், நான் மட்டும் வரிசைகளுக்கு நடுவில் நின்றேன். காற்று அடித்தது. கதிர்கள் ஒன்றோடொன்று உரசுவதைக் கண்ணால் பார்த்தேன். சத்தம் வரவில்லை. தினை வயலில் காற்று அடித்தால் சரசரவென்று ஒரு சத்தம் வரும், இருபது வருடமாகக் கேட்ட சத்தம். அது வரவில்லை. கையைத் தட்டிப் பார்த்தேன். உள்ளங்கை எரிந்தது. தட்டிய சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ தட்டியது போல எங்கேயோ கேட்டது.

வேகமாக நடந்து வாசலுக்கு வெளியே வந்தேன். சாலையில் ஒரு சைக்கிள் மணி அடித்தது, தெளிவாகக் கேட்டது. காதில் அழுக்கு இருக்கும் என்று மறுநாள் டாக்டரிடம் போனேன். காது சுத்தமாக இருக்கிறது என்றார். நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரி பேய்க்கதை சொல்கிறாள் என்பார்கள்.

அழகான தாள்

அறுவடைக்கும் அரிவாள் கூடாது. பேச்சியம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் கதிர் கதிராகக் கையால் கிள்ளினார்கள். கரடித் தினையின் பாத்திக்கு வந்ததும் வேலை நின்றது.

"மேடம், இங்க வாங்களேன், இந்தச் சனியன் என் கையக் கிழிச்சதப் பாருங்க." பேச்சியம்மாளின் உள்ளங்கை முழுக்கக் கீறல். திரி சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போன கை அது. அதையே கிழித்திருந்தது. "நாப்பதுல இது ஒண்ணுதான் இப்படி. இத எவன் சாப்புடப் போறான்?"

மகசூலிலும் அது கடைசிக்குப் பக்கத்தில் நின்றது. அறுவடை கடினம் என்று எழுதி, நீக்கம் என்று குறித்தேன். முதலில் வந்தது வழவழவென்று முடியே இல்லாத ஒரு வகை. முழங்கை நீளக் கதிர், மணி மணியாகக் கோத்த மாதிரி.

பறவைச் சேதம் என்ற கட்டத்தில் நாற்பது வகைக்கும், வகைக்கு மூன்று பாத்தி வீதம், பூஜ்யம் போட்டேன். நூற்றிருபது பூஜ்யம். ஒரு தாளில் அத்தனை பூஜ்யத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தபோது எனக்குக் கர்வமாக இருந்தது. இவ்வளவு சுத்தமான சோதனையை எங்கள் அலுவலகம் பார்த்ததில்லை. என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்களே உட்கார வைத்துப் பாராட்டினார்கள்.

பாராட்டு தலைக்கேறியது. இரண்டாம் வருடம் மலையில் சின்னப் பாத்தி என்று சொல்லியிருந்தேனே, அது எதற்கு, ஒரு வருடம் வீணாகுமே என்று நானே சொன்னேன். முடிவு இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மூட்டை விதையோடு மலையேறினேன். செல்லி ஒரு கதிரை வாங்கி விரலால் நீவிப் பார்த்தாள்.

"வழுவழுன்னு இருக்கேக்கா. இத அங்கன குருவி ஒண்ணும் பண்ணலையா?"

தாளை எடுத்துக் காட்டினேன். "ஒரு மணியக்கூடத் தொடல, செல்லி."

பொய் இல்லை. ஆனால் அந்த நிலத்தில் குருவியே இறங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாள் கழித்தும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த நிலத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்குப் பிடிக்கவில்லை, அது ஒரு காரணம். தாள் அசிங்கமாகிவிடும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

செல்லி என்னை நம்பினாள். அவள் சொன்னதால் பதினெட்டு வீடும் அந்த ஒரே வகையைப் போட்டது.

சரிவு முழுக்க நிமிர்ந்து

அவர்கள் ஊரில் ஒரே ஒரு பாறை மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். அங்கிருந்து செல்லி கூப்பிட்டாள். பின்னால் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்.

"மழையா செல்லி?"

"இல்லக்கா. குருவி."

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் ஒரு பேச்சும் கேட்காமல் ஒரு பெட்டி வெடியை ஜீப்பில் ஏற்றிவிட்டார். நாற்பது வருடம் வெடித்து ஒரு நிலத்தையே குருவி மறக்கும்படி செய்த ஊர் எங்களுடையது, ஒரு சரிவைக் காப்பாற்ற முடியாதா என்று நினைத்தேன். ஆட்கள் பெட்டியைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். எனக்கு அந்த வாரம் காய்ச்சல். நாலு நாள் கழித்துத்தான் நான் போனேன்.

முதல் நாள் வெடித்ததும் குருவியெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போனதாம். இரண்டாம் நாள் மரத்து உயரத்துக்கு எழும்பி, அங்கேயே வட்டமடித்ததாம். மூன்றாம் நாள் புகை கலைவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டதாம்.

நான் போனபோது சரிவில் குருவி இல்லை. சரிவின் அடி வரைக்கும் கதிர்கள் நின்றன. தூரத்திலிருந்து பார்த்து, பரவாயில்லையே, தப்பித்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போகப் போகத்தான் புரிந்தது. முற்றிய தினை தலை குனிந்து நிற்கும். இங்கே ஒரு கதிர்கூடக் குனியவில்லை. சரிவு முழுக்க, பதினெட்டு வீட்டுத் தினையும், காய்ந்து, நிமிர்ந்து, விறைப்பாக நின்றது. ஒன்றைக் கையில் பிடித்தேன். எடையே இல்லை. ஊதினால் உமி பறந்தது.

காற்று அடித்தது. அத்தனை கதிரும் அசைந்தன. சத்தம் வரவில்லை. மணி இல்லாத கதிருக்குச் சத்தம் இருக்காது என்று என் படிப்பு சொன்னது. ஆனால் சுவர் வைத்த அந்த மூன்று ஏக்கர் என்னோடு மலையேறி வந்து இங்கே படுத்துக்கொண்டதைப் போல இருந்தது.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வீட்டில் ஆடுகளை விற்றுவிட்டார்கள். சில ஆண்கள் கீழே கூலிக்குப் போயிருந்தார்கள். சமைத்த ரேஷன் அரிசியில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் செல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குருவி இறங்காத நிலம், இரும்பு கூடாது என்ற சட்டம், பேச்சியம்மாளின் கிழிந்த கை, நூற்றிருபது பூஜ்யம், எல்லாமே. சொல்லச் சொல்ல அழுதேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்து, "வாங்கக்கா" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் முள் அடைத்த ஒரு துண்டு நிலம். ஒரு அறை அளவுகூட இருக்காது. உள்ளே கரடித் தினை. கதிரெல்லாம் கனத்துத் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஊரே ஒண்ணாப் போட்டுரலாம்னு சொன்னது நான்தான்" என்றாள் செல்லி. "அதுக்காகக் கையில இருந்த எல்லாத்தையும் விட்டுருவேனாக்கா? ஒரு பிடி வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும்தான்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குருவி வந்தது. ஒரு கதிரில் உட்காரப் பார்த்தது. முள்முடி வயிற்றில் குத்த, சிறகடித்து எழும்பி, இன்னொரு கதிருக்குப் போனது. அங்கேயும் முடியவில்லை. வெறும் வாயோடு பறந்து போனது. என் தாளில் இருந்த பறவைச் சேதக் கட்டம் எதற்கு என்று இருபது வருட வேலையில் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

"செல்லி, எனக்கு ரெண்டு கதிர் குடு" என்றேன். "ரெண்டே ரெண்டு. பத்திரமா விதைச்சுப் பெருக்கி, மூட்டையாக் கொண்டாந்து உங்க எல்லாருக்கும் தர்றேன். ஒரே வருசத்துல ஊருக்கே ஆகும்."

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "இது போதும்க்கா. ரெண்டு மூணு வருசம் ஆகும், ஆகட்டும். இங்கனயே பெருக்கிக்கிடுவோம்."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?"

"கஷ்டந்தான்."

"என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." குனிந்திருந்த ஒரு கதிரைக் கையில் எடுத்தாள். அவளுக்கு எந்தப் பக்கம் பிடித்தால் குத்தாது என்று தெரிந்திருந்தது. "குருவியே வராத நெலம்னு சொன்னீகளே. அங்கன நாலு வருசம் இருந்தா, தனக்கு எதுக்கு முள்ளுன்னு இதுக்கே மறந்துரும்க்கா."

விதைக்காக விரித்து வைத்திருந்த துணிப்பையை மடித்தேன். அவளுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் எதுவும் படித்திருக்கவில்லை. கீழே ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் அவளும் கூடவே வந்தாள்.